புதிய கொரோனா கிருமி மீண்டும் பரவினால் எந்த மருந்துக்குச் சான்று உண்டு? தொழிலாளர் விடுதிக் கையேட்டுக்காக ஒரு விவாதம்

பதிவு 1: நொய்யல்கரை (திருப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் தொழிலாளர் நல அலுவலராகப் பணியாற்றுகிறேன். எங்கள் விடுதிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்களும், தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்களும் தங்கியிருக்கிறார்கள். இன்னொரு கொள்ளைநோய் வந்தால் என்ன செய்வது என்று ஒரு கையேடு தயாரிக்கும்படி நிர்வாகம் கேட்டிருக்கிறது. மருந்துப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதும் அதில் வர வேண்டுமாம்.

முதலாளியின் மேசையில் 2021 மே மாதத்துத் துண்டுச்சீட்டு ஒன்று இன்னமும் இருக்கிறது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ஐவர்மெக்டின், துத்தநாக மாத்திரை, வைட்டமின் சி, கடைசி வரியில் ‘காய்ச்சல் நிற்காவிட்டால் டெக்ஸா’ என்று எழுதியிருக்கிறது. “அன்னைக்கு இதுதானுங்க காப்பாத்துச்சு, இதையே அடிச்சுக் குடுத்துருங்க” என்கிறார் அவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தப் பட்டியலில் ஆய்வு முடிவுகளைத் தாண்டி நிற்பவை எவை என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால், அதைக் காட்டி அவரிடம் பேச முடியும்.

பதிவு 2: பெருந்துறை மருத்துவர்

பட்டியலில் உள்ளவற்றுள் உயிரைக் காக்கும் என்று உறுதியாக நிறுவப்பட்டது ஒன்றே ஒன்றுதான், அதுவும் தவறான வரியில் எழுதப்பட்டிருக்கிறது. சீட்டில் ‘டெக்ஸா’ என்றிருக்கும் டெக்ஸாமெத்தசோனைச் சொல்கிறேன்; அது உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் நடத்திய ‘ரெக்கவரி’ ஆய்வில் முதல் நோயாளி 2020 மார்ச் 19 அன்று சேர்க்கப்பட்டார். பிரிட்டனில் 170-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெறுவோர், அதனுடன் ஒரு மருந்தும் பெறுவோர் என நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டெக்ஸாமெத்தசோன் பிரிவில் 2,104 பேர், ஒப்பீட்டுப் பிரிவில் 4,321 பேர். நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் என்ற அளவில் 10 நாட்கள் வரை கொடுத்தார்கள். முடிவு அதே ஆண்டு ஜூன் 16 அன்று வெளிவந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2 என்பது 23.3 ஆயிற்று. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாமல் மருத்துவமனையில் இருந்தவர்களில் மருந்து பெற்றோர் 17.8 விழுக்காடும் பெறாதோர் 14.0 விழுக்காடும் இறந்தனர். அந்த மூன்றாவது வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்று கணக்கு சொல்கிறது. இருந்தாலும் பயன் ஏதும் இல்லை என்பது தெளிவு. ஆபத்தின் பக்கம் சாய்வு இருப்பதும் தெளிவு.

ஒரே மாத்திரை, ஒரே அளவு. நோயின் எந்தக் கட்டத்தில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து அது உயிரைக் காக்கிறது, அல்லது கெடுக்கிறது. முதல் வாரத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். அப்போது உடலின் எதிர்ப்பாற்றலை அடக்குவது கிருமிக்குக் கதவைத் திறந்துவிடுவதாகும். இரண்டாம் வாரத்தில் சிலருக்குக் கிருமி ஓய்ந்த பின்னும் எதிர்ப்பாற்றலே நுரையீரலைத் தாக்கும்; ஸ்டீராய்டுக்கு வேலை அங்கேதான். ‘காய்ச்சல் நிற்காவிட்டால் டெக்ஸா’ என்ற அந்த வரி காய்ச்சலைப் பார்க்கிறது, ஆக்சிஜன் அளவைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சலுக்கே அதை விழுங்கிவிட்டு, எட்டாம் நாள் சர்க்கரை 400-ஐத் தாண்டிய நிலையில் வந்தவர்களை இந்தப் பக்கத்து மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவ்வாண்டு கருப்புப் பூஞ்சை அத்தனை பேருடைய கண்ணையும் மேல்தாடையையும் பறித்ததற்குக் கட்டுப்பாடற்ற சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள்.

எனவே உங்கள் பெட்டியில் டெக்ஸாமெத்தசோன் இருக்கக் கூடாது. அது மருத்துவமனையின் மருந்து.

பதிவு 3: மருந்துக்கடை, கோபி

டாக்டர் ஐயா சொல்வது முறைதான். ஆனால் கடையில் நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2021 மே மாதத்தில் கோவை மாவட்டத்தின் நாள் எண்ணிக்கை சென்னையையே தாண்டியது. எங்கும் படுக்கை இல்லை. மாலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து, “வீட்டுல மூணு பேருக்குங்க, எதாச்சும் குடுங்க” என்று கேட்டால், ‘ஒன்றும் வேண்டாம், ஆக்சிஜன் அளவைப் பாருங்கள்’ என்று சொல்லி அனுப்ப முடியுமா? நான் கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் வாங்குவார். சான்று வரும்வரை கைகட்டி நிற்பதும் மருத்துவம்தானா என்பதற்கு இந்த விவாதத்தில் விடை வர வேண்டும்.

மாத்திரை வாங்கிப் போனவர்களில் பெரும்பாலோர் தேறியும் வந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

பதிவு 4: கணக்கு ஆசிரியர், நாமக்கல்

கோபி நண்பரின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். சீன நோய்த்தடுப்பு மையம் 2020 பிப்ரவரியில் வெளியிட்ட முதல் பெரிய தொகுப்பில், உறுதிசெய்யப்பட்ட 44,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் 81 விழுக்காட்டினருக்கு நோய் லேசாகவே இருந்தது. 14 விழுக்காட்டினருக்குக் கடுமை, 5 விழுக்காட்டினருக்கு உயிராபத்து. அதாவது நீங்கள் நூறு பேருக்கு வெல்லக்கட்டி கொடுத்திருந்தாலும் எண்பது பேர் தேறி வந்து நன்றி சொல்லியிருப்பார்கள். தேறாதவர்கள் கடைக்குத் திரும்பி வருவதில்லை. அவர்கள் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்கள். கடைக்காரர் கண்ணில் படும் கணக்கு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இதனால்தான் குலுக்கல் தேவைப்படுகிறது. யாருக்கு மருந்து என்பதை மருத்துவரின் கனிவும் நோயாளியின் பணமும் தீர்மானித்தால், மருந்து பெற்றோர் ஏற்கெனவே வலுவானவர்களாகவோ மிக நலிந்தவர்களாகவோ இருந்துவிடுவார்கள். பிறகு வேறுபாடு மருந்தால் வந்ததா ஆளால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. தேறியவர்களின் பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியை, ஏற்றினால் நோய் தணியும் என்ற நம்பிக்கையில் இரத்த வங்கிகளின் முன் கூட்டம் நின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 39 மருத்துவமனைகளில் 464 பேரைக் கொண்டு 2020 ஏப்ரலில் தொடங்கி ஜூலை வரை ஓர் ஆய்வை நடத்தியது. நோய் முற்றியோர் அல்லது இறந்தோர் பிளாஸ்மா பிரிவில் 19 விழுக்காடு, மற்றப் பிரிவில் 18 விழுக்காடு. அக்டோபரிலேயே அது அச்சில் வந்துவிட்டது. அதன் பின் பிரிட்டனில் 11,000-க்கும் மேற்பட்டோரிடம் செய்த ஆய்விலும் இரு பிரிவிலும் இறப்பு 24 விழுக்காடுதான். இருந்தும் நம் தேசிய வழிகாட்டுதலிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே நடுவில். நம் சொந்தப் பணத்தில் நாமே கண்டறிந்த உண்மையை ஏற்றுக்கொள்ள ஏழு மாதங்கள் எடுத்தோம். அந்த ஏழு மாதங்களில் எத்தனை குடும்பங்கள் கொடையாளியைத் தேடி வாட்ஸ்அப் குழுக்களில் கெஞ்சின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் கதையும் அதுவே. 2020 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களுக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் தடுப்பு மருந்தாகப் பரிந்துரைக்கப்பட்டது. ஜூன் மாதத்துக்குள், நோயாளியோடு நெருங்கியிருந்த 821 பேரிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்த ஆய்வில் தடுப்புப் பயன் காணப்படவில்லை. ரெக்கவரி ஆய்வில் அம்மருந்து பெற்றோரில் 27 விழுக்காடும், பெறாதோரில் 25 விழுக்காடும் இறந்தனர்.

பதிவு 5: ஆனைமலைச் சித்த மருத்துவர்

ஆங்கில மருந்துகளையே இத்தனை கடுமையாக உரைத்துப் பார்க்கிறீர்கள். எங்கள் பக்கத்தையும் அதே கல்லில் உரைத்துப் பார்ப்பதே மரியாதை என்று கருதுகிறேன். கபசுரக் குடிநீரில் சுக்கு, திப்பிலி, ஆடாதோடை, சீந்தில், நிலவேம்பு, கோரைக்கிழங்கு உட்பட 15 சரக்குகள் உண்டு. அரசே வீடுவீடாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் அறிகுறி ஏதுமற்ற 60 பேரிடம் குலுக்கல் முறையில் செய்த ஓர் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. வைட்டமின் சி, துத்தநாகம் பெற்றோரைவிடக் குடிநீர் பெற்றோரிடம் கிருமியின் அளவு கூடுதலாகக் குறைந்தது என்பது அதன் முடிவு. இதைக் கையேட்டில் சேர்க்கலாமா?

பதிவு 6: பெருந்துறை மருத்துவர்

ஆனைமலை ஐயா கேட்டிருக்கும் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஆய்வு உண்மையில் எதை அளந்தது என்று பார்ப்போம். பங்கேற்றோருக்கு நோய் அறிகுறியே இல்லை. அளந்தது மூக்கிலும் தொண்டையிலும் உள்ள கிருமியின் அளவு. மூச்சுத்திணறல் குறைந்ததா, மருத்துவமனைச் சேர்க்கை குறைந்ததா, இறப்பு குறைந்ததா என்பதற்கு 60 பேர் கொண்ட ஆய்வால் விடை சொல்ல இயலாது. சொல்வதாக அதுவும் உரிமை கொண்டாடவில்லை. பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்குவதற்கு அது தகுந்த காரணம். விடுதியில் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். ‘குடிநீர் குடித்தாயிற்று’ என்ற நிம்மதியில் ஆக்சிஜன் அளவைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது என்பதே என் கவலை.

ஐவர்மெக்டினுக்கும் இதே அளவுகோல்தான். அது குடற்புழுவுக்கும் யானைக்கால் நோய் ஒழிப்புக்கும் மிக அருமையான மருந்து. அதன் கண்டுபிடிப்பாளர்களுக்கு 2015-இல் நோபல் பரிசும் கிடைத்தது. கொரோனாவில் அது உயிர் காக்கும் என்ற எண்ணத்தை வலுவாகத் தாங்கிப் பிடித்திருந்த எகிப்து நாட்டு ஆய்வறிக்கை, தரவுகளில் எழுந்த சந்தேகங்களால் 2021 ஜூலையில் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிரேசிலில் 1,358 பேரிடம் செய்த ஆய்வில், மருத்துவமனைச் சேர்க்கை அல்லது நீண்டநேர அவசரச் சிகிச்சை தேவைப்பட்டோர் ஐவர்மெக்டின் பிரிவில் 14.7 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 16.3 விழுக்காடு, அந்த வேறுபாட்டை மருந்தின் பயன் என்று கொள்ள முடியாது. நம் தேசிய வழிகாட்டுதலும் 2021 செப்டம்பரில் அதைக் கைவிட்டது.

அசித்ரோமைசினும் டாக்சிசைக்ளினும் பாக்டீரியாவுக்கானவை. மருத்துவமனை நோயாளிகளிடம் அசித்ரோமைசினைச் சோதித்தபோது இரு பிரிவிலும் 22 விழுக்காட்டினர் இறந்தனர். அதைத் தின்றதால் நமக்குக் கிடைத்தது, அடுத்த ஆண்டு டைபாய்டுக்கு வேலை செய்யாத அசித்ரோமைசின் என்றுதான் நான் அஞ்சுகிறேன்.

ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசியைப் பற்றியும் ஒரு சொல். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் அரசு விற்பனை தொடங்கி, பிறகு கோவை, சேலம் போன்ற ஊர்களிலும் வரிசை நின்றது. அந்த வரிசையில் நின்ற பிள்ளைகளின் வீட்டில் நோயாளி ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருந்தார். அந்தக் கட்டத்தில் அந்த ஊசியால் பயன் என்பதற்குச் சான்றில்லை. அமெரிக்க ஆய்வில் அது குணமாகும் காலத்தை 15 நாட்களிலிருந்து 10 நாட்களாகக் குறைத்தது; உலகச் சுகாதார நிறுவனத்தின் ‘சாலிடாரிட்டி’ ஆய்வு, 30 நாடுகளில் 11,000-க்கும் மேற்பட்டோரைப் பார்த்து, இறப்பு குறையவில்லை என்று 2020 அக்டோபரில் சொன்னது. பின்னர், நோய் தொடங்கிய முதல் ஏழு நாட்களுக்குள், இன்னமும் வீட்டில் இருக்கும் ஆபத்து மிகுந்தவர்களுக்கு மூன்று நாட்கள் ஏற்றியபோது மருத்துவமனைச் சேர்க்கை 87 விழுக்காடு குறைந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து கிருமி இருக்கும் நாளில் போக வேண்டும். நாம் அதை எல்லாம் முடிந்த பிறகு ஏற்றினோம். அதற்காக நகையையும் அடகு வைத்தோம்.

பதிவு 7: செவிலியர், கரூர்

கைகட்டி நிற்பதா என்று கோபி அண்ணா கேட்டதற்கு நான் விடை சொல்கிறேன். மருந்துக்குச் சான்று இல்லாத நாட்களிலும் எங்கள் கைகள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததில்லை. கொரோனா வார்டில் உயிரைப் பிடித்து வைத்தவை ஆக்சிஜன், படுக்கும் நிலை, நீரும் உணவும், சர்க்கரைக் கட்டுப்பாடு, இரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி ஆகியவைதாம். ஹெப்பாரினை மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும். மற்றவற்றைப் பற்றிக் கையேட்டுக்குப் பயன்படும்படி எழுதுகிறேன்.

இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரைச் சரியாகப் பயன்படுத்துவோர் குறைவு. ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்ந்த பிறகு, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்து, நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, எண் நிலைக்கும் வரை ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். மருதாணி, நகப்பூச்சு, குளிர்ந்த கை எல்லாம் அளவைக் கெடுக்கும். திருப்பூர் என்பதால் சொல்கிறேன்: சாயப்பட்டறையில் வேலை செய்வோரின் நகக்கண்ணில் சாயம் படிந்திருக்கும், அவர்களுக்குக் கால்விரலிலும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். கருநிறத் தோலில் அக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே 94-ஐத் தொட்டுக்கொண்டிருப்பவரை ‘நலம்’ என்று எழுதிவிடாதீர்கள். ஆறு நிமிடம் அறைக்குள் நடக்கச் சொல்லுங்கள். நடந்த பின் மூன்று புள்ளிகளோ அதற்கு மேலோ இறங்கினாலும், 94-க்குக் கீழே போனாலும் 108-ஐ அழைக்க வேண்டிய நேரம் அதுவே. மூச்சு எண்ணிக்கையையும் பாருங்கள். நிமிடத்துக்கு 24-ஐத் தொட்டால் கருவி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

குப்புறப் படுக்க வைப்பதற்குச் சான்று பழையது. வென்டிலேட்டரில் இருந்த கடும் நுரையீரல் பாதிப்பு நோயாளிகளிடம் 2013-இல் பிரான்சில் செய்த ஆய்வில், இறப்பு 32.8 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகப் பாதியானது. விழித்திருக்கும் கொரோனா நோயாளிகளிடம் ஆறு நாடுகளில் 1,100-க்கும் மேற்பட்டோரை வைத்துச் செய்த ஆய்விலும் மூச்சுப்பாதையில் குழாய் செருக வேண்டிய நிலை குறைந்தது. ஆனால் ‘குப்புறப் படுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் பத்து நிமிடம்கூடப் படுக்க மாட்டார்கள். கழுத்துக்கு அடியில் ஒன்று, மார்பு முதல் மேல்தொடை வரையிலான பகுதிக்கு அடியில் ஒன்று அல்லது இரண்டு, முழங்காலுக்குக் கீழுள்ள காலுக்கு அடியில் இரண்டு எனத் தலையணைகளை வைத்து, வயிறு அழுந்தாமல் தொங்கும்படி விட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. முடியாதவர்களை இடப்பக்கம், வலப்பக்கம், சாய்ந்து உட்காருதல் என்று மாற்றி மாற்றி வைக்கலாம். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் இரண்டு மணி நேரம் தாங்குவார்கள். எங்கள் வார்டில் சக நோயாளிகளே அந்த வேலையைச் செய்தார்கள்.

சிலிண்டர் வாங்கி வைக்கலாமா என்று உங்கள் நிர்வாகம் கட்டாயம் கேட்கும். பெரிய ‘டி’ வகைச் சிலிண்டரில் ஏறத்தாழ 7,000 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் பன்னிரண்டு மணி நேரம்கூட வராது. மருத்துவமனைகளில் ஆக்சிஜனை வேகமாகச் செலுத்தும் உயரோட்டக் கருவி நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை இழுக்கும். அந்தக் கணக்கில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு சிலிண்டர் என்பது ஆம்புலன்ஸ் வரும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் கான்சன்ட்ரேட்டர் வாங்கினால் மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கும் இன்வெர்ட்டரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அது ஐந்து லிட்டருக்கு மேல் தேவைப்படும் நோயாளிக்குப் போதாது.

பதிவு 8: மருந்துக்கடை, கோபி

அக்கா எழுதியதை அச்செடுத்துக் கடையில் ஒட்டப் போகிறேன். இனி யாராவது ‘எதாச்சும் குடுங்க’ என்றால் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது.

வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள் இரண்டைப் பற்றி யாரும் பேசவில்லையே? பாக்ஸ்லோவிட் 88 விழுக்காடு காக்கும் என்றார்கள். மோல்நுபிராவிர் இங்கே 2021 டிசம்பர் இறுதியில் அனுமதி பெற்று, 2022 ஜனவரியில் கடைக்கு வந்த வேகத்தில் விற்றது.

பதிவு 9: கணக்கு ஆசிரியர், நாமக்கல்

88 என்பது ஒப்பீட்டு விழுக்காடு. அதன் அடியில் இருக்கும் எண்களைப் பாருங்கள். தடுப்பூசி போடாத, ஆபத்துக் காரணங்கள் உள்ள நோயாளிகளில், ஐந்து நாட்களுக்குள் மாத்திரை தொடங்கியோரில் மருத்துவமனையில் சேர்ந்தோர் அல்லது இறந்தோர் 0.8 விழுக்காடு, வெற்று மாத்திரைப் பிரிவில் 6.3 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ 18 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பயன். அது நல்ல மருந்துதான். ஆனால் அதே மாத்திரையைத் தடுப்பூசி போட்டவர்களிடமும் ஆபத்துக் குறைந்தவர்களிடமும் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பயன் கிடைக்கவில்லை. அவர்களில் மருத்துவமனைக்குப் போகக்கூடியவர்களே மிகச் சிலர். குறைப்பதற்கு அங்கே இடமில்லை.

மோல்நுபிராவிர் முதலில் 30 விழுக்காடு என்றது. பிரிட்டனில் பெரும்பாலும் தடுப்பூசி போட்ட 25,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது, மாத்திரை பெற்றோரிலும் பெறாதோரிலும் மருத்துவமனைச் சேர்க்கை ஒரு விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. அறிகுறிகள் மட்டும் சில நாட்கள் முன்னதாக அடங்கின. அம்மருந்து கிருமியின் மரபணுவில் பிழைகளைத் திணித்து வேலை செய்வது. கருவுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி இருந்ததால் ஐ.சி.எம்.ஆர். அதைத் தேசிய நெறிமுறையில் சேர்க்கவில்லை. இளம்பெண்கள் நிறைந்த விடுதியில் அதை அள்ளிக் கொடுப்பதை நினைத்தாலே பதறுகிறது.

பதிவு 10: நொய்யல்கரை (திருப்பூர்)

மிகப் பயனுள்ள பதிவுகள். ஒரு சந்தேகம் மட்டும் நிற்கிறது. நாம் பேசியவை எல்லாம் 2019-இல் தோன்றிய கிருமியைப் பற்றியவை. நாளை வருவது வேறொரு கொரோனா கிருமியாக இருந்தால், டெக்ஸாமெத்தசோன் முடிவு அதற்கும் பொருந்துமா? உறவுக்காரக் கிருமிதானே என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பதிவு 11: பெருந்துறை மருத்துவர்

கூடாது. இதற்கு வரலாறே விடை சொல்கிறது.

2003-இல் வேறொரு கொரோனா கிருமியால் சார்ஸ் நோய் வந்தபோது ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தும் அதிக அளவு ஸ்டீராய்டும் பரவலாகக் கொடுக்கப்பட்டன. குலுக்கல் முறை ஆய்வு அநேகமாக எதுவுமே நடக்கவில்லை; தொற்று சில மாதங்களில் அடங்கிவிட்டது. 2006-இல் எல்லா அறிக்கைகளையும் திரட்டிப் பார்த்தவர்களால், எந்த மருந்தும் பயன்பட்டதா என்று சொல்ல முடியவில்லை. சிலவற்றில் தீங்கின் தடயம் மட்டும் இருந்தது. எண்ணாயிரம் பேருக்கு நோய் வந்துபோன பின்னும் நம் கையில் எஞ்சியது வெறும் ஊகம்.

மற்றொரு கொரோனா கிருமியால் வரும் மெர்ஸ் நோயில் ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் கிருமி விலகத் தாமதமானது. அதனால்தான் 2020 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம், ஆய்வுக்கு வெளியே ஸ்டீராய்டை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. எட்டு மாதம் கழித்து, செப்டம்பர் 2 அன்று, கடும் நோயாளிகளுக்குக் கொடுங்கள் என்றது. ‘இவர்கள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள்’ என்று அப்போது டீக்கடை முதல் தொலைக்காட்சி வரை கேலி செய்தார்கள். முதல் அறிவுரை உறவுக் கிருமிகளை வைத்துச் சொன்னது; இரண்டாவது இதே கிருமியில் சோதித்துச் சொன்னது. மாறாமல் இருந்திருந்தால்தான் கோபப்பட வேண்டும்.

எதிர்த்திசையிலும் எடுத்துக்காட்டு உண்டு. சவூதி அரேபியாவில் மெர்ஸ் நோயாளிகள் 95 பேரிடம் இன்டர்ஃபெரான், லோபினாவிர்-ரிட்டோனாவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது 90 நாள் இறப்பு 44 விழுக்காட்டிலிருந்து 28 விழுக்காடாகக் குறைந்தது. அதே வகை மருந்துகளைக் கோவிட் நோயில் சாலிடாரிட்டி ஆய்வு சோதித்தபோது, இரண்டுமே இறப்பைக் குறைக்கவில்லை.

‘6 மில்லிகிராம் நல்லதென்றால் 20 இன்னும் நல்லது’ என்ற எண்ணமும் இங்கே பரவலாக இருந்தது. ரெக்கவரி குழுவே அதையும் சோதித்தது. ஆக்சிஜன் இல்லாமலோ எளிய ஆக்சிஜனிலோ இருந்தவர்களில், கூடிய அளவு பெற்றோரில் 19 விழுக்காடும், வழக்கமான அளவு பெற்றோரில் 12 விழுக்காடும் இறந்தனர்.

ஆகவே புதிய கிருமி வரும் முதல் நாளில் உறுதியாகச் செல்லுபடியாகும் சான்று கரூர் செவிலியர் அம்மா எழுதியவற்றுக்கே இருக்கும். அவை கிருமியின் பெயரைப் பார்ப்பதில்லை; நுரையீரலைப் பார்க்கின்றன. மருந்துக்கு விடை வேண்டுமானால் அடுத்த முறை ஈரோட்டிலும் கோவையிலும் சேலத்திலும் உள்ள மருத்துவமனைகள் முதல் வாரத்திலேயே பெரிய ஆய்வுகளில் நோயாளிகளைச் சேர்க்கத் தயாராக இருக்க வேண்டும். கோவையின் கொடிசியா கண்காட்சி அரங்கில் படுக்கை போட ஓரிரு வாரம் போதுமாக இருந்தது. அந்தப் படுக்கைகளில் படுத்தவர்களிடமிருந்து நாம் மருத்துவமாகக் கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆளுக்கொரு மருந்தைக் கொடுத்தோம்; குலுக்கிக் கொடுத்திருந்தால் அதே செலவில் உலகத்துக்கே விடை கிடைத்திருக்கும்.

பதிவு 12: ஆனைமலைச் சித்த மருத்துவர்

அந்த ஆய்வுகளில் எங்கள் குடிநீருக்கும் ஒரு பிரிவு ஒதுக்குங்கள். தோற்றால் தோற்றது என்று எழுதிவிடுவோம்.

பதிவு 13: நொய்யல்கரை (திருப்பூர்)

இன்று முதலாளியிடம் பேசிவிட்டேன். அந்தப் பழைய சீட்டிலிருந்து ஐந்து மருந்துகள் போகின்றன. வைட்டமின் சி மட்டும் ‘எதுக்குங்க பகை, இருந்துட்டுப் போகட்டும்’ என்ற அவருடைய வேண்டுகோளின்பேரில் நிற்கிறது. பெட்டியில் பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம், வெப்பமானி, மாடிக்கு இரண்டு ஆக்சிமீட்டர், அளவைப் பதிய நோட்டு, முகக்கவசம். சன்னல் திறக்க முடியாத இரண்டு அறைகளைத் தனிமை அறைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். ஆக்சிமீட்டர் விளக்கத்தை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதித் தர விடுதித் தோழர்களே முன்வந்திருக்கிறார்கள்.

சர்க்கரை பார்க்கும் கருவியும் சேர்க்கலாமா? நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இங்கே குறைவு.

பதிவு 14: செவிலியர், கரூர்

சேருங்கள் தம்பி. வயது குறைவு என்று விட வேண்டாம். தமக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் முதன்முதலாக எங்கள் வார்டில் அறிந்துகொண்டவர்களில் முப்பதுகளில் இருந்தவர்களும் உண்டு. தொற்று உறுதியான அன்று ஒருமுறை பாருங்கள்; யாராவது வெளியில் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் நாள்தோறும் வெறும் வயிற்றிலும் உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். சோதனைப் பட்டைக் குப்பியின் காலாவதித் தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். திறந்த குப்பிக்குப் பெரும்பாலும் மூன்று மாதம்தான். குப்பியின் மேல் என்ன போட்டிருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள்.